எந்தக் குரங்கு, எந்த ஊரில்?

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 8 மணிக்கு இலங்கை முழுவதும் விவசாயிகளும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களும் தங்கள் நிலத்தில் நின்று எண்ணத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடங்களில் கண்ணில் பட்ட குரங்கு, மந்தி, மயில், மலையணில் எல்லாவற்றையும் அரசு கொடுத்த படிவத்தில் குறித்தார்கள். 8.05-க்குக் கணக்கெடுப்பு முடிந்தது. சிங்களத்தில் ரிலவா எனப்படும் குரங்கு மட்டுமே நாட்டில் 50 லட்சத்துக்கு மேல் இருப்பதாகப் பிறகு வெளியான முடிவு சொன்னது. நான்கு மனிதர்களுக்கு ஒரு குரங்கு என்ற கணக்கு. அதே ரிலவா உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாக இடம்பெற்றிருக்கும் இனம்.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் உண்மையான வேதனை இருக்கிறது. இளநீர்ப் பருவத்திலேயே தேங்காயைப் பறிகொடுக்கும் விவசாயியின் வேதனை அது. 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பாலும் நீதிமன்ற வழக்காலும் நின்றுபோனது. 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இவ்வளவுக்குப் பிறகு ஓர் அரசு எண்ணத் தொடங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அடுத்தடுத்த தோட்டங்களில் நின்ற இருவர் ஒரே கூட்டத்தை எண்ணினார்களா, பயிர்நிலத்தில் பார்த்ததை வைத்துக் காட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெரிய எண்ணிடம் பதில் இல்லை.

எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எந்த இனம், எந்த இடம் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த விடை இல்லாமல் குரங்குகளைப் பிடிப்பதும், இடம் மாற்றுவதும், கருத்தடை செய்வதும், கொல்ல அனுமதிப்பதும் மனிதருக்கும் பயன் தருவதில்லை. குரங்குக்கும் கேடு செய்கின்றன. இந்தியாவில் நாம் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு ரயில் பாதையின் ஓரத்தில்

இதை நான் புனேயின் வடமேற்கு விளிம்பில் உள்ள தேஹு ரோட்டிலிருந்து எழுதுகிறேன். இது கண்டோன்மென்ட் ஊர். ராணுவத் தளவாடக் கிடங்கிலும் படைக்கலத் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. பிம்ப்ரி, சிஞ்ச்வட் தாண்டி நகரம் அடுக்குமாடிகளாக மேற்கே நீண்டுவருகிறது. ராணுவ நிலம் என்பதால் மனைகளாகப் பிரியாமல் தப்பிய மரங்களும் புல்மேடுகளும் இங்கே இன்னும் இருக்கின்றன. ஒரு பக்கம் பவனா நதி, மறுபக்கம் இந்திராயணி. மேற்கே கோராவடேஸ்வர் குன்று, அதன் பாறையில் குடைந்த பழைய பௌத்தக் குகைகள்.

புனே–லோனாவாலா லோக்கல் ரயிலில் ஏறினால் இந்த நிலம் மாறும் விதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். புனே நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அறுபது கிலோமீட்டர் சொச்சம் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் உள்ள லோனாவாலாவில் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். முள்காடும் புல்வெளியுமாகத் தொடங்கி, தளேகாவ், காம்ஷேத், மளவ்லி தாண்டும்போது மரம் அடர்ந்து, மலைச்சரிவில் பசுமைமாறாக் காடாகிறது. இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு வகை வாழிடம் அமைந்த பாதைகள் அதிகமில்லை. எந்தக் குரங்கு எந்த நிலத்தை விரும்புகிறது என்று அறிய விரும்பும் ஒருவருக்கு இது வாய்ப்பாக அமைந்த ஆய்வுக்களம்.

மராத்தியில் மாகட் என்றால் குட்டையான, பழுப்பு நிறக் குரங்கு. வானர் என்றால் கறுத்த முகமும் சாம்பல் உடலும் நீண்ட வாலும் கொண்ட அனுமன் குரங்கு. கிராமத்து மக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. சிக்கல் மாகட்டுக்குள்ளேயே இருக்கிறது. லோனாவாலா, கண்டாலா, மாத்தேரான் பகுதிகளில் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது நம் தமிழ்நாட்டில் கோயில்தோறும் காணும் அதே நாட்டுக்குரங்கு. தலையுச்சியில் வகிடெடுத்துப் படிய வாரியதுபோன்ற முடி, உடம்பைவிட நீண்ட வால். வட இந்தியாவில் டெல்லியிலும் மதுராவிலும் சிம்லாவிலும் காணப்படுவது ரீசஸ் குரங்கு. அதற்கு அந்த முடி அமைப்பு இல்லை. வால் உடம்பில் பாதியளவுதான். இடுப்புக்குக் கீழே செம்பழுப்பு நிறம். பழகிய கண்ணுக்கு ஒரு பார்வை போதும். பழகாத கண்ணுக்கு இரண்டும் வெறும் குரங்கு.

நாட்டுக்குரங்கு இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழ்கிறது. ரீசஸ் குரங்கோ ஆப்கானிஸ்தானிலிருந்து சீனாவரை பரவியிருப்பது. பனியையும் வெயிலையும் காட்டையும் சந்தையையும் ஒரே மாதிரித் தாங்கக்கூடியது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கே செல்கிறது என்பதுதான் இந்தியக் குரங்கு ஆய்வின் மிக முக்கியமான கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் என் ஊரின் அக்கம்பக்கத்தோடு தொடர்புடையவர்.

நகர்ந்துவிட்ட எல்லை

தேஹு ரோட்டுக்கு முந்தைய ரயில் நிலையம் ஆகுர்டி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் அங்கேதான் இருக்கிறது. 1916இல் தொடங்கப்பட்ட ஆய்வகம், 1959இல் புனேயில் திறந்த கிளை அது. அதன் ஆய்வாளர் அனில் மஹாபல், அமெரிக்க விலங்கியலாளர் ஜாக் ஃபூடன், விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ்.எஸ்.சாஹா ஆகிய மூவரும் சேர்ந்து 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தீபகற்ப இந்தியாவில் ரீசஸ் குரங்கு முடிந்து நாட்டுக்குரங்கு தொடங்கும் எல்லையை மறுவரையறை செய்த கட்டுரை அது. மேற்கே தப்தி நதி, கிழக்கே கோதாவரி என்று பொதுவாகச் சொல்லப்பட்டுவந்த கோட்டை, ஊர் ஊராகச் சென்று பார்த்துத் திருத்திய வேலை.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல், பெங்களூருவின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரிஷி குமார், சிந்து ராதாகிருஷ்ணா, அனிந்திய சின்ஹா மூவரும் அந்த எல்லையை மீண்டும் ஆராய்ந்தார்கள். எல்லை இருந்த இடத்தில் இல்லை. ரீசஸ் குரங்கு தெற்கே இறங்கியிருந்தது. முன்பு நாட்டுக்குரங்கு வாழ்ந்த பல இடங்களில் அது காணாமல் போயிருந்தது. அப்போது நாட்டுக்குரங்கு செம்பட்டியலில் கவலை தேவைப்படாத இனமாக இருந்தது. அந்த வகைப்பாட்டையே அவர்களின் கட்டுரை கேள்விக்குள்ளாக்கியது. இன்று அது பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1981இன் வரைபடம் இல்லையென்றால் 2011இல் எல்லை நகர்ந்ததை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. வாசலில் குரங்கு வருகிறது, நேற்றும் வந்தது, நாளையும் வரும் என்று மக்கள் இருந்திருப்பார்கள். வந்த இனமே வேறு என்பது தெரிந்திருக்காது. கண்முன் ஓர் இனம் இன்னோர் இனத்தை இடம்பெயர்க்கும்போதும், முன்பு யாராவது குறித்துவைத்திருந்தால்தான் அது நமக்குத் தெரியும்.

வண்டியில் ஏற்றப்படும் குரங்கு

ரீசஸ் குரங்கு தன் கால்களால் மட்டும் தெற்கே வரவில்லை. நாமும் சுமந்து வந்தோம். நகரத்தில் தொல்லை என்று புகார் வரும், பிடிப்பவர் வருவார், கூண்டு வைப்பார், வண்டியில் ஏற்றி, கண்ணுக்கு எட்டாத தொலைவில் ஏதோ ஒரு காட்டோரத்தில் இறக்கிவிடுவார். புகார் கொடுத்த ஊரில் ஒரு மாதம் அமைதி. இறக்கிவிடப்பட்ட ஊரில் அன்றைக்கே தொல்லை தொடங்கும். நகரத்தில் மனிதர் கையிலிருந்து பறித்துத் தின்று பழகிய கூட்டம், காட்டு இலையைத் தேடிப் போவதில்லை. அடுத்த கிராமத்துக் கூரையைத் தேடித்தான் போகும். அங்கே ஏற்கெனவே வாழும் கூட்டத்தோடு சண்டையும் நேரும். இறக்கிவிடப்பட்டது வேற்றினமாக இருந்தால் இரண்டு இனமும் கலந்த கூட்டங்கள் உருவாகும்.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2007 முதல் ஆயிரக்கணக்கான குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்தில் விட்டார்கள். டெல்லியின் அரசு அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் இன்றும் குரங்குகள் இருக்கின்றன. இமாச்சலப் பிரதேசம் வேறு வழியில் போனது. அங்கே 2006-07 முதல் கருத்தடை செய்கிறார்கள். மாநிலத்தின் குரங்கு எண்ணிக்கை 2004இல் சுமார் 3.17 லட்சமாக இருந்து, 2015இல் 2.07 லட்சமாகவும், 2019-20 வாக்கில் 1.36 லட்சமாகவும் குறைந்ததாக அரசுக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. பாதிக்கும் மேல் குறைந்தும், பயிர் போகிறது என்ற விவசாயிகளின் குரல் அடங்கவில்லை. மாநிலம் முழுமைக்கும் ஓர் எண் குறைவதும், ஒரு குறிப்பிட்ட கிராமத்தின் சோளக்கொல்லைக்கு வரும் கூட்டம் குறைவதும் ஒன்றல்ல. எந்தப் பள்ளத்தாக்கில், எந்தக் கூட்டத்தில் குறைந்தது என்று தெரிந்தால்தான் அந்த விவசாயிக்குப் பதில் சொல்ல முடியும்.

சட்டத்துக்கு வேறுபாடு தெரியும்

இனம் தெரியாமல் பிடிப்பது அறிவியல் பிழை மட்டுமல்ல, இப்போது சட்டச் சிக்கலும்கூட. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது ரீசஸ் குரங்கு பாதுகாப்பு அட்டவணைகளிலிருந்து வெளியேறிவிட்டது. நாட்டுக்குரங்கோ முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பில், இருக்கிறது. அதை இரண்டாம் அட்டவணைக்கு மாற்ற வேண்டும் என்று கேரளம் கோரியிருக்கிறது. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குரங்கைத் தொட்டால் கடும் குற்றம். பக்கத்துக் கிளையில் இருக்கும் இன்னொரு குரங்குக்கு அந்தச் சட்டத்தின் காவலே இல்லை. அப்படியிருக்க, இரண்டும் சந்திக்கும் மாநிலமான மகாராஷ்டிரத்தில் எந்த மாவட்டத்தில் எது இருக்கிறது என்ற விவரம் ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்தின் சுவரிலும் தொங்க வேண்டாமா?

மகாராஷ்டிர மக்களுக்குக் குரங்கின் மேல் வெறுப்பு கிடையாது. மாருதி கோயில் இல்லாத கிராமம் இங்கே அரிது. தாராசிவ் மாவட்டத்தின் உப்லா கிராமத்தில் 32 ஏக்கர் நிலம் பதிவேட்டில் குரங்குகளின் பெயரிலேயே இருப்பதாக 2022இல் செய்தி வந்தது. வாசலுக்கு வரும் குரங்குக்கு உணவு தரும் வழக்கமும் அங்கே உண்டு. அதே மாநிலத்தின் கொங்கண் கரையில் மாவும் முந்திரியும் தென்னையும் வைத்திருப்பவர்கள் குரங்குகளால் விவசாயத்தையே கைவிடும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கதறுகிறார்கள். பக்தியும் பரிதவிப்பும் ஒரே மாநிலத்தில் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே நின்று முடிவெடுக்க அரசுக்குத் துணையாக இருக்க வேண்டியது தரையில் திரட்டிய தகவல்.

காய்ச்சலுக்கு முன்னால் வரும் செய்தி

குரங்குகளின் இருப்பிடம் தெரிந்திருக்க வேண்டியதற்கு மனித உயிர் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அதுவும் புனேயில் எழுதப்பட்ட வரலாறுதான். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து காட்டோர மக்களுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் 1952இல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தது. அந்த மையமே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். கியாசனூர் என்ற காட்டின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று; மக்கள் அதைக் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள்.

உண்ணிகள் பரப்பும் நோய் இது. அனுமன் குரங்கும் நாட்டுக்குரங்கும் இதற்கு எளிதில் பலியாகின்றன. செத்த குரங்கின் உடலிலிருந்து உண்ணிகள் தரையில் உதிர, அந்த இடமே தொற்று மையமாகிவிடுகிறது. விறகு பொறுக்கவோ மாடு மேய்க்கவோ போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே குரங்கு சாவுதான் இந்த நோயின் முதல் எச்சரிக்கை. பல ஆண்டுகள் ஷிமோகாவைச் சுற்றியே இருந்த நோய், 2012-13 வாக்கில் பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று தெற்கே தென்பட்டது. 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில், தோடாமார்க் பகுதியில் பரவியது.

ஒரு காட்டில் குரங்குகள் குறைகின்றன என்று எச்சரிக்க வேண்டுமானால், முன்பு எத்தனை கூட்டம் எங்கே இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காத காட்டில் பத்துக் குரங்குகள் செத்தாலும் யாருக்கும் தெரியாது. நோய்வாய்ப்பட்ட மனிதர் மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் தெரியும். குரங்குக் கணக்கெடுப்பை வனத்துறையின் வேலையாக மட்டும் பார்க்காமல் சுகாதாரத் துறையும் தன் வேலையாகக் கருத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நல்ல கணக்கெடுப்பு என்ன செய்யும்?

நன்றாகச் செய்யப்பட்ட கணக்கெடுப்பு எண்ணைவிடப் பெரிய உண்மைகளைக் காட்டும். 1959-60இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் சவுத்விக், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெக், சித்திக்கி ஆகியோருடன் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தில் ரீசஸ் குரங்குகளைக் கணக்கெடுத்தார். காட்டில் இருந்தவற்றைவிடக் கிராமங்களிலும் நகரங்களிலும் கோயில்களிலும் சாலையோரங்களிலும் இருந்தவையே மிக அதிகம் என்று தெரிந்தது. கூட்டங்களில் இளங்குரங்குகள் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தன. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றுமதி செய்ய இளங்குரங்குகளையே தேடிப் பிடித்ததன் சுவடு அது. மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. கடுவன் எத்தனை, மந்தி எத்தனை, வளர்பருவம் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்து எழுதியதால் பட்டது. ரீசஸ் ஏற்றுமதியை இந்தியா 1978இல் நிறுத்தியது.

மைசூருவைச் சுற்றிய சாலைகளில் நாட்டுக்குரங்குக் கூட்டங்களைப் பேராசிரியர் மேவா சிங்கும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக எண்ணிவந்தார்கள். அதே சாலைகளில் 25 ஆண்டுகளில் நாட்டுக்குரங்குகள் 65 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. சாலையை அகலப்படுத்த வெட்டப்பட்ட ஆலமரங்களும், தொல்லை என்று பிடித்துக் கொண்டுபோகப்பட்ட கூட்டங்களும் முக்கியக் காரணங்கள். எங்கும் குரங்கு பெருகிவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. நாட்டுக்குரங்கு உண்மையிலேயே அதிகமாவதற்கும், அது நம் வாசலில் அதிகமாகத் தென்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடிந்தது.

கணக்கெடுப்பு காப்பாற்றவும் செய்யும். கர்நாடகத்தின் சிர்சி–ஹொன்னாவரக் காடுகளில் எச்.என்.குமாராவும் மேவா சிங்கும் தேடியலைந்தபோது 32 சோலைமந்திக் கூட்டங்கள் இருப்பது தெரியவந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே, கிராமங்களை ஒட்டி வாழ்ந்த கூட்டங்கள் அவை. அந்தத் தகவலின் பலனாக 2011இல் அகநாசினி சோலைமந்திக் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் தேவாங்குகள் எங்கெங்கே வாழ்கின்றன என்று ஆய்வாளர்கள் இரவிரவாகத் தேடியறிந்திருந்தார்கள். 2022இல் கடவூரில் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட அது அடித்தளமானது.

ஆப்பிரிக்காவில் பபூன்களை ஆராய்ந்தவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம் பொறுமை. கென்யாவின் அம்போசெலியில் ஸ்டூவர்ட் ஆல்ட்மன், ஜீன் ஆல்ட்மன் தம்பதி 1963-64இல் பபூன்களைப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அவை பெருமளவு குறைந்திருந்தன. அவை நம்பியிருந்த வேலமரக் காடு அழிந்துகொண்டிருந்தது. 1971இல் தொடங்கி அங்கே ஆய்வு தொடர்கிறது. ஒவ்வொரு பபூனையும் முகம் பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். காடு மாறியபோது கூட்டங்கள் எந்தத் திசையில் தங்கள் வாழிடத்தை மாற்றின என்பதையும் அவர்களால் சொல்ல முடிகிறது. திரும்பத் திரும்ப, அதே இடத்தில், அதே முறையில் பார்ப்பதுதான் கணக்கெடுப்பின் உயிர்.

முறை கடினமானதல்ல. நிலத்தைச் சம கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போக வேண்டும். ஒருமுறை போய்க் குரங்கைக் காணவில்லை என்றால், அங்கே குரங்கு இல்லை என்று பொருளல்ல. நம் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை போனால்தான் இல்லாமையையும் காணாமையையும் பிரிக்க முடியும். காலையில் தூங்கும் மரத்தைவிட்டு இறங்கும் நேரத்தில் கூட்டத்தை எண்ணுவது நல்லது. உணவு எங்கிருந்து கிடைக்கிறது என்பதையும் எழுத வேண்டும்: அத்தி, ஆல், வயல், குப்பைத்தொட்டி, பக்தர் கை. ஒரு கூட்டத்தின் உணவு மாறும்போது அதன் எதிர்காலமும், அதோடு நம் சண்டையும் மாறுகின்றன.

விவசாயிக்கு என்ன பதில்?

நீங்கள் வரைபடம் போட்டு முடிக்கும்வரை என் மரம் நிற்குமா என்று ஒரு கொங்கண் விவசாயி கேட்டால், அது நியாயமான கேள்வி. இழப்பீட்டைக் கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. அது உடனே, அலைச்சல் இல்லாமல் கிடைக்க வேண்டும். அதே சமயம், வரைபடம் அவருக்கு எதிரானதல்ல. அவர் தோப்புக்கு வருவது அங்கேயே தங்கியிருக்கும் கூட்டமா, வழிப்போக்கா, வேறெங்கோ பிடித்து இங்கே இறக்கிவிடப்பட்டதா என்று தெரிந்தால்தான் தீர்வும் தெரியும். தங்கியிருக்கும் கூட்டத்துக்குக் கருத்தடை பயன் தரலாம். வழிப்போக்குக்கு அதன் பழைய பாதையில் மரம் நட வேண்டியிருக்கலாம். இறக்கிவிடப்பட்டதென்றால் இறக்கிவிடுவதையே நிறுத்த வேண்டும். ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுத்து ஏமாந்தது போதும்.

உணவு போடும் பக்தர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மலைப்பாதைத் திருப்பத்தில் காரை நிறுத்தி வீசும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் அந்தக் கூட்டத்தைச் சாலைக்கே கட்டிப்போடுகின்றன. குட்டிகள் சக்கரத்தில் அடிபடுகின்றன. வளர்ந்தவை அடுத்த பயணியின் பையைப் பறிக்கின்றன. அதற்கடுத்து கூண்டு வருகிறது. அனுமனுக்கு நேர்ந்துகொள்ள விரும்புகிறவர் ஓர் ஆலங்கன்றையோ அத்திக்கன்றையோ நட்டு வளர்க்கலாம். அது பல தலைமுறைக் குரங்குகளுக்குச் சோறு போடும்.

ஆகுர்டியிலிருந்து லோனாவாலா வரை

நான் முன்வைக்கும் கோரிக்கை எளியது. ஆகுர்டியிலிருந்து லோனாவாலாவரை பத்து ரயில் நிலையங்கள். அந்தப் பாதையின் இரு பக்கத்தையும் கட்டங்களாகப் பிரித்து, ஆண்டுதோறும் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பிறகு ஒருமுறையும் கணக்கெடுக்கலாம். வழிநடத்தத் தகுதியான நிறுவனம் பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது; எல்லையை மறுவரையறை செய்த பெருமையும் அதற்கு உண்டு. தேஹு ரோடு கண்டோன்மென்ட் வாரியமும் ராணுவமும் தங்கள் நிலத்துக்குள் நடக்க ஆய்வாளர்களை அனுமதிக்க வேண்டும். வனத்துறையின் காவலர்களுக்கும், பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியின் பணியாளர்களுக்கும், குரங்கு பிடிப்பவர்களுக்கும் இனங்களைப் பிரித்தறியப் பயிற்சி தர வேண்டும். கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கேமராவும் இருப்பிடக் குறிப்பும் கொண்ட கைபேசி இருக்கிறது. இங்கே வாழும் தமிழர்களான நாம் நாட்டுக்குரங்கைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதை அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது இந்த ஊருக்கான யோசனை மட்டுமல்ல. நாட்டுக்குரங்குக்குத் தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும்தான் மிச்சமிருக்கும் பெரிய வீடு. வடக்கே எல்லை கரைந்துகொண்டிருக்கும்போது, தெற்கே வால் குட்டையான, முடியில் வகிடில்லாத ஒரு குரங்கு முதன்முதலில் எந்த ஊரில் வந்திறங்குகிறது என்று தமிழ்நாடு வனத்துறைக்கு அன்றே தெரிய வேண்டும். பத்தாண்டு கழித்து ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அதுவரை காத்திருக்காமல் நாளையே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குரங்கைப் பிடிக்க உத்தரவிடும் ஒவ்வோர் அதிகாரியும் அந்த உத்தரவிலேயே மூன்று விவரங்களை எழுதட்டும்: எந்த இனம், எங்கே பிடிப்பது, எங்கே விடுவது. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் கூண்டைத் திறக்கக் கூடாது என்று விதி வரட்டும். இதற்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. அந்த விவரங்களை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிட்டால், நாம் நகர்த்திய எல்லை எவ்வளவு, தானாக நகர்ந்தது எவ்வளவு என்று முதன்முறையாகத் தெரியும். எத்தனை குரங்குகள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டால், வரும் விடையை நாம் நம்பலாம்.